வெறுமையாகக் கிடக்கும் பேஸ்மென்ட்: வாழும் இடமாக மாற்றுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

நிலத்துக்குக் கீழே ஓர் அறை என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பங்கர்தான். பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண் மூட்டை போட்டு, விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிய இடம் அது. அந்த நினைவோடு கனடாவுக்கு வந்த பலருக்குக் கிடைத்த முதல் குடியிருப்பும் நிலத்துக்குக் கீழேதான் இருந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். பிறகு ஸ்காபரோவில் யாரோ ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்டுக்கு மாறினார்கள். அங்கிருந்துதான் வேலைக்குப் போனார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், குடும்பத்தைக் கூப்பிட்டார்கள்.

இன்று அவர்களில் பலர் வீட்டுக்காரர்கள். அவர்களுடைய வீட்டிலும் ஒரு பேஸ்மென்ட் இருக்கிறது. பழைய தளபாடங்கள், பனிக்காலச் சப்பாத்துகள், பிரிக்காத பெட்டிகள், ஒரு மூலையில் வெப்பமூட்டி. வாடகையும் வீட்டுக்கடன் வட்டியும் ஏறியிருக்கும் இந்த நேரத்தில், வீட்டின் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறதே என்ற எண்ணம் வருவது இயல்பு. பெற்றோருக்கு ஓர் அறையா, பிள்ளைக்குப் படிப்பறையா, வாடகைக்கா என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய சில கேள்விகள் உள்ளன. அவற்றை வரிசையாகப் பார்ப்போம். ஊரில், லக்கல போன்ற மலைச்சரிவுகளில், வீட்டின் கீழ்த்தளத்தைத் திருத்த நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு.

இந்த அறை ஏன் இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் பேஸ்மென்ட் கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலத்தைக் கிண்டினால் சில அடிகளில் தண்ணீர் வந்துவிடும் இடங்கள் அங்கே நிறைய. கனடாவில் கதை வேறு. பனிக்காலத்தில் நிலத்தின் மேற்பகுதி உறைந்து வீங்கும். அந்த வீக்கம் அத்திவாரத்தைத் தூக்கி உடைக்கும். ஆகவே தெற்கு ஒன்ராறியோவில் அத்திவாரம் குறைந்தது 1.2 மீற்றர், அதாவது 4 அடி ஆழத்துக்குப் போகவேண்டும். அவ்வளவு கிண்டிய பிறகு இன்னும் சில அடி கிண்டினால் ஒரு முழுத் தளமே கிடைக்கும். பேஸ்மென்ட் பிறந்தது இப்படித்தான். பழைய வீடுகளில் அது மனிதர் படுத்தெழும்ப என்று கட்டப்பட்டதல்ல; நிலக்கரி, வெப்பமூட்டி, சலவை ஆகியவற்றுக்கான இடம். அதனால்தான் கூரை தாழ்வு, யன்னல் சிறிது, சுவரில் ஈரம்.

முதலில் தண்ணீர்

2013 ஜூலை 8 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16 அன்று ஏறத்தாழ 98 மில்லிமீற்றர். இரண்டு தடவையும் ஆயிரக்கணக்கான பேஸ்மென்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பல வீடுகளில் அது சுவரால் வந்த மழைநீர் அல்ல. நிரம்பி வழிந்த நகரக் கழிவுக்குழாயிலிருந்து தரைவடிகால் வழியாகத் திரும்பி வந்த கழிவுநீர். புதுத் தரைவிரிப்பும் புதுச் சுவரும் ஒரே இரவில் குப்பையாகிவிடும்.

அதனால் வர்ணம் வாங்கமுன் செய்யவேண்டியவை இவை.

வெளியே: மழைநீர்ப் பீலியின் குழாய் வீட்டுச் சுவரிலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் தள்ளித் தண்ணீரை விடவேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள மண் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்திருக்கவேண்டும். மண்வெட்டியோடு ஒரு நாள் வேலை; பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இதோடு தீரும்.

உள்ளே: கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பிரதான குழாயில் பூட்டலாம். நிலத்தடி நீர் ஏறும் வீட்டில் தரையில் குழியிட்டு நீரிறைக்கும் மோட்டார் வைக்கலாம். மின்சாரம் போகும் நேரத்தில்தான் அது மிகவும் தேவைப்படும் என்பதால் பெற்றரி இணைப்பும் வேண்டும். இந்த வேலைகளுக்கு ரொறன்ரோ மாநகரசபை மானியம் தருகிறது. வேலை தொடங்குமுன் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீர் திரும்புவதால் வரும் சேதத்துக்கு வீட்டுக் காப்புறுதியில் பெரும்பாலும் தனியாகச் சேர்க்கவேண்டிய ஒரு பகுதி உண்டு. உங்களிடம் அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை. இரண்டு அடிச் சதுரப் பிளாஸ்ரிக் தாளொன்றைக் கொங்கிரீட் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் நாடாவால் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி நின்றால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது; மேலே நின்றால் அறைக் காற்றின் ஈரம். காற்றின் ஈரத்துக்கு ஈரமகற்றும் கருவி போதும். நிலத்து ஈரத்தைத் தீர்க்காமல் சுவரை மூடினால், மூடிய சுவருக்குப் பின்னால் பூஞ்சணம் வளரும்.

கண்ணுக்குத் தெரியாத காற்று

நிலத்திலிருந்து கசியும் றேடன் என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் அதுதான். அது அதிகம் தேங்குவது பேஸ்மென்டில். ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்கவேண்டும் என்பது கனடிய சுகாதாரத் துறையின் வழிகாட்டல். சிறிய சோதனைக் கருவியை வாங்கிப் பனிக்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்தால் அளவு தெரியும். கூடினால், தரைக்குக் கீழிருந்து காற்றை உறிஞ்சி வெளியே விடும் குழாய் போடலாம். தரையை முடிக்கமுன் அது சுலபமான வேலை.

மற்றொன்று காபன் மொனொக்சைட். வெப்பமூட்டிக்கும் சுடுநீர்த் தாங்கிக்கும் காற்று வேண்டும். அழகுக்காக அவற்றை அலுமாரிக்குள் அடைத்துவிடக்கூடாது. அதை எச்சரிக்கும் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் கீழ்த்தளத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். 1990க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய தரை ஓடுகளிலும் குழாய்ச் சுற்றிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் உடைக்கவேண்டாம்.

வெளியேற வழி

பங்கருக்குள் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே வாசல் உள்ள பங்கரின் வாசல் மூடுண்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பேஸ்மென்டிலும் அப்படித்தான். தீ பெரும்பாலும் மேலே குசினியில் தொடங்கும். கீழே இருப்பவரின் ஒரே வழியான படிக்கட்டு புகையால் நிரம்பும்.

அங்கே படுக்கையறை இருந்து, நேரே வெளியே போகக் கதவு இல்லையென்றால், ஆள் வெளியேறக்கூடிய யன்னல் ஒன்று வேண்டும் என்கிறது ஒன்ராறியோ கட்டட விதி. திறந்த பகுதி குறைந்தது 0.35 சதுர மீற்றர். அகலமோ உயரமோ 38 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. கருவி எதுவுமின்றி உள்ளிருந்து திறக்கவேண்டும். யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு முன்னால் 55 சென்ரிமீற்றர் வெளி இருக்கவேண்டும். கள்வருக்குப் பயந்து அதற்குக் கம்பி போடுவது உயிராபத்து. பனிக்காலத்தில் அந்தக் குழியில் சேரும் பனியையும் அள்ளவேண்டும்.

தனிக் குடியிருப்பாக வாடகைக்கு விடுவதென்றால் மாநகரசபையின் கட்டட அனுமதி தேவை. 2022இல் வந்த மாகாணச் சட்டம், பெரும்பாலான நகரக் குடியிருப்புக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதிக்கிறது. ஆகவே ஒளித்துச் செய்யவேண்டிய காலம் போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு மேல் பழைய வீட்டில் கூரை உயரம் 1.95 மீற்றர் இருந்தால் போதும். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையில் தீயைத் தாமதப்படுத்தும் தடுப்பும், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி இணைத்த புகை எச்சரிக்கைக் கருவிகளும் வேண்டும். கூரை தாழ்வென்று தரையைக் கிண்ட நினைத்தால் பொறியியலாளர் இல்லாமல் தொடவே கூடாது. அத்திவாரத்துக்குக் கீழே மண்ணை எடுப்பது வீட்டையே சாய்க்கக்கூடிய வேலை. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் என்றால் அவருடைய வீட்டையும் சேர்த்து.

அனுமதி எடுத்தால் செலவு, நேரம் என்று தவிர்ப்பவர்கள் உண்டு. இப்போது பேஸ்மென்டைத் தேடி வருபவர்கள் யார் என்று யோசிக்கவேண்டும்: புதிதாக வந்த மாணவர்கள், அகதிக் கோரிக்கையாளர்கள், தனித்த தாய்மார். சட்டம் தெரியாத, கேட்கப் பயப்படுகிற ஆட்கள். நாற்பது வருடத்துக்கு முன் நாங்கள் இருந்த நிலை.

அதன்பிறகு அழகு

தண்ணீரும் காற்றும் வழியும் சரியென்றால் மிச்சமெல்லாம் இலகு.

வெளிச்சம்: யன்னலை அகலமாக்குவதற்குச் செலவழிக்கும் பணம், வேறெதற்குச் செலவழிப்பதையும்விடப் பயன் தரும். வெள்ளை அல்லது இளம் மஞ்சள் சுவர், கண்ணாடி பதித்த உட்கதவு, கூரையில் ஒரு பெரிய விளக்குக்குப் பதிலாகச் சுவரோரம் பல சிறிய விளக்குகள். யன்னல் உள்ள பக்கத்தை ஆட்கள் இருக்க விட்டு, இருட்டுப் பக்கத்தைக் குளியலறைக்கும் களஞ்சியத்துக்கும் கொடுங்கள்.

தரையும் சுவரும்: கொங்கிரீட்டின் மேல் நேரடியாகத் தரைவிரிப்போ மரமோ போடவேண்டாம். ஓடு அல்லது வைனைல் பலகை நனைந்தாலும் தப்பும். சுவர்ப்பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்திப் பூட்டினால் சிறு கசிவு மேலே ஏறாது.

பெற்றோருக்கான அறை: முழங்கால் நோவு உள்ளவருக்குப் படிக்கட்டுத்தான் முதல் பிரச்சினை. இரு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம், வழுக்காத விளிம்பு, அதே தளத்தில் கழிப்பறை. ஆனால் அதற்கு முன் அவரிடம் கேளுங்கள். வன்னியில் மாதக்கணக்காகப் பங்கருக்குள் இருந்த ஓர் அம்மாவுக்கு நிலத்துக்குக் கீழே நித்திரை வராமல் போகலாம். வெப்பமூட்டி திடீரென்று உறுமுவதே அவரைத் திடுக்கிட்டு எழுப்பும். அப்படியென்றால் மேலே உள்ள அறையை அவருக்குக் கொடுத்து, பிள்ளைகள் கீழே போகலாம். கீழே இருப்பதே அவருக்கு விருப்பமென்றால் படுக்கையிலிருந்து கதவும் யன்னலும் தெரியும்படி கட்டிலைப் போடுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வெப்பமூட்டிக்குத் தூரத்தில் அறையை அமையுங்கள்.

நடனமும் மிருதங்கமும்: கொங்கிரீட்டின் மேல் தட்டிக்கழித்து ஆடினால் பிள்ளைகளின் முழங்கால் பழுதாகும். ரப்பர் அடியுள்ள சட்டத்தின் மேல் மரத்தரை போட்டால் அது அதிர்வைத் தாங்கும். கூரைச் சட்டங்களுக்கிடையில் கற்கம்பளியை நிரப்பினால் மேலே இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

கீழ்க் குசினி: பொரியல் மணம் மேலே வராமல் இருக்கப் பல வீடுகளில் கீழே ஒரு குசினி உண்டு. புகையை வீட்டுக்கு வெளியே தள்ளும் விசிறி இல்லையென்றால் அந்த நீராவியே பூஞ்சணத்தை வளர்க்கும்.

பழைய பெட்டிகள்: இடம்பெயர்வுகள் அத்தனையையும் தாண்டி வந்த படங்கள், கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள் பல வீடுகளில் பேஸ்மென்டின் தரையில் கடதாசிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைத் திரும்ப வாங்கமுடியாது. மேல்தளத்துக்குக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், உயரமான தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். பழைய மலர்கள், ஊர்ச் சஞ்சிகைகள் இருந்தால் நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகத்துக்கு அறிவியுங்கள்.

லக்கல போன்ற சரிவுகளில்

ஊரில் பேஸ்மென்டுக்கு மிகக் கிட்டியது மலைநாட்டு வீட்டின் கீழ்த்தளம். மாத்தளை மாவட்டத்தின் லக்கல, நக்கிள்ஸ் மலைத்தொடரின் பக்கத்தில் உள்ள பிரதேசம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரம் நீருக்குள் போக, மக்களை இடம் மாற்றிப் புதிய நகரம் கட்டினார்கள். இத்தகைய சரிவுகளில் வீட்டின் முன்பக்கம் வீதி மட்டத்தில் இருக்க, கீழே ஒரு தளம் விறகும் மிளகு மூட்டையுமாகக் கிடப்பதுண்டு. ஒரு பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் அங்கே பேஸ்மென்டைவிட அதிகம். வெளியேறுவதும் இலகு.

ஆபத்து மறுபக்கச் சுவரில் இருக்கிறது. அது மலையின் மண்ணையும் அதில் ஊறிய நீரையும் தாங்கி நிற்கிறது. அந்தச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபடக்கூடாது; அதன் பின்னால் சரளைக்கல் நிரப்பிய வடிகால் வேண்டும். அறையைப் பெரிதாக்கச் சரிவை இன்னும் வெட்டுவதுதான் மிகப் பெரிய பிழை. மாத்தளை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைநாட்டில் பலரை மண் மூடியது. சுவரில் புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, சாயும் மரம், கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் வீட்டைவிட்டு வெளியேறி அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும். எச்சரிக்கை விடுத்த அடைமழை இரவில் கீழ்த்தளத்தில் யாரும் படுக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வீடு கட்டப் பணம் அனுப்புபவர்கள் ஓடு, வர்ணத்தைக் கேட்பதற்கு முன் இந்தச் சிபாரிசைக் கேட்கட்டும்.

பணம் குறைவென்றால் வரிசை இதுதான்: தண்ணீர், காற்று, வெளியேறும் வழி, அனுமதி, அதன்பிறகு தரையும் வர்ணமும். இந்த வருடம் முதல் இரண்டையும் செய்து மிச்சத்தை அடுத்த வருடம் செய்தாலும் நட்டமில்லை. எல்லாம் முடிந்தபின் ஓர் இரவு நீங்களே கீழே படுத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கதவையும் யன்னலையும் தேடித் திறந்து பாருங்கள். உங்களால் முடிந்தால், இன்னொருவரை அங்கே படுக்கச் சொல்லலாம்.