குருதி வழி – 14
மறுபடியும் முதல் தடுப்பூசி

கொடையாளரின் ஸ்டெம் செல்கள் நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் வேர் பிடிப்பதுவரை போன வாரம் பார்த்தோம். நியூட்ரோஃபில் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று கணக்கு. பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் இது நடந்துவிடும். அதுவரை வார்டு வாசலில் ஒரே விசாரிப்புதான்: “கவுண்ட் ஏறிருச்சா?” ஏறியதும், கண்டம் தாண்டிவிட்டது என்று குடும்பம் நம்புகிறது. பாதி தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மீதிப் பாதியைப் பற்றி டிஸ்சார்ஜ் நாளிலேயே குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நியூட்ரோஃபில் சீக்கிரம் வந்துவிடும். வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் என்.கே. செல்களும் அதையொட்டியே வந்துவிடும். தாமதமாவது, கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைக்கிற பி செல்களும் டி செல்களும்தான். பி செல்கள் எண்ணிக்கையில் தேறவே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம்; முழுத் திறனோடு எதிரணுக்கள் சுரக்க இரண்டு வருடம்கூட ஆகும். அந்த எதிரணுக்கள் வரும் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஐ.ஜி.எம்., அடுத்து ஐ.ஜி.ஜி., கடைசியில் ஐ.ஜி.ஏ. பிறந்த குழந்தையின் உடல் அவற்றைத் தயாரிக்கப் பழகுவதும் இதே வரிசையில்தான். ஐம்பது வயதுக்காரரின் ரத்தம் கைக்குழந்தையின் பாடத்தை அப்படியே முதலிலிருந்து படிக்கிறது.

டி செல்களின் பாடு இன்னும் சிரமம். அவை பக்குவப்படும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பி. அது எதற்கு இருக்கிறது என்பதையே 1961-ல்தான், லண்டனில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஜாக் மில்லர் நிறுவினார். சிறுவயதில் பெரிதாக இருக்கும் தைமஸ், பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிய காலத்திலிருந்தே தலசீமியா பிள்ளைகளுக்கு அந்தச் சிகிச்சை கைகொடுத்து வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் சுருங்காத தைமஸ் துணையிருக்கிறது. பெரியவர்களோ, கொடையாளரின் ரத்தத்தோடு வந்த முதிர்ந்த டி செல்கள் பெருகுவதை நம்பித்தான் முதல் சில மாதங்களை ஓட்ட வேண்டும். அதிலும், வந்த செல்களே உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. தலைகாட்டினால் தைமஸும் அடிபடும். அதை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மீட்சியை மேலும் தள்ளிப்போடும்.

ஆள் நடமாடுகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்பதற்காக தொற்றைத் தடுக்கத் தரும் செப்ட்ரானையும் அசைக்ளோவிரையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் பதுங்கிக் கிடக்கிறது. காவல் தளர்ந்த உடலில் அது அக்கியாகக் கிளம்பும். அக்கி எழுதினால் சரியாகிவிடும் என்று குயவர் வீட்டைத் தேடிப் போகிற வழக்கம் இன்னும் பல ஊர்களில் உண்டு. மாற்று சிகிச்சை முடிந்தவருக்கு ஒரு கொப்புளம் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் காலப்போக்கில் கரைந்துபோகிறது. ஆகவே எல்லாம் மறுபடி. நியூமோகாக்கல் தடுப்பூசி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கும். டெட்டனஸ், டிப்தீரியா, ஹெபடைடிஸ்-பி, ஊசி வழி போலியோ ஆகியவை ஆறு மாதத்துக்குப் பிறகு வரிசையாக வரும். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ். அதற்குக் குறைந்தது இரண்டு வருடம் ஆக வேண்டும். அப்போதும் ஜி.வி.எச்.டி. இருக்கக் கூடாது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் நின்றிருக்க வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்துப் பிழைத்தவர், ஊர் திரும்பியபின் இந்த அட்டவணையைத் தவறவிடுவதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

வீட்டிலிருப்பவர்களும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சொட்டு மருந்திலிருக்கும் உயிருள்ள வைரஸ் பல வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். அந்த வீட்டுக்கு உகந்தது ஊசி மருந்துதான். சொட்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதென்றால், குழந்தைக்குக் கால் கழுவி விடுவதையும் டயாப்பர் மாற்றுவதையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அவரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

(தொடரும்)