புனிதரிடம் கேட்பதும் புனிதரிடம் கற்பதும்

புதன்கிழமைகளில் மும்பை மாஹிம் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரிந்திருக்கும். அங்குள்ள புனித மிக்கேல் ஆலயத்தில் அன்று முழுதும் நவநாள் ஜெபம் நடக்கும். 1948-இல் தொடங்கிய வழக்கம் இது. இடைவிடா சகாய மாதா படத்தின் முன்னால் நிற்பவர்களில் கத்தோலிக்கர் பாதி என்றால், மற்ற சமயத்தார் பாதி. வெளியே மெழுகில் செய்த கை, கால், வீடு, குழந்தை என்று வைத்து விற்பார்கள். கால் வலிக்காரர் மெழுகுக் காலை வாங்கிப் படைப்பார். வீடு வேண்டுபவர் மெழுகு வீட்டைப் படைப்பார்.

என் காகிதக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது. அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் மாஹிம் போனார். ஏறக்குறைய ஒன்றரை வருஷம். அந்த அம்மாள் பிழைக்கவில்லை. காரியங்கள் முடிந்து கடைக்கு வந்த முதல் புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பேரேட்டை மூடிவிட்டு, "மாஹிம் போயிட்டு வாறேன் அண்ணாச்சி" என்று கிளம்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் தவறி, "இன்னும் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். "கேக்குறதுக்கு இப்பம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆனா போவாம இருக்க முடியல" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதன் பொருளைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சமணன். படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பது எங்கள் கொள்கை அன்று. ஆகவே இது பக்தன் எழுதியது அல்ல, பக்கத்து வீட்டுக்காரன் எழுதியது என்று கொள்க.

சிபாரிசா, சொந்தமா?

எனக்கிருந்த சந்தேகம் உங்களில் பலருக்கும் இருந்திருக்கும். கடவுள் ஒருவரே என்கிறார்கள். அப்படியானால் அந்தோணியார், சவேரியார், சூசையப்பர் என்று இத்தனை பேர் எதற்கு? பெரிய அதிகாரியைப் பார்க்க முடியாதபோது அவருடைய குமாஸ்தாவைப் பிடிக்கிறோமே, அந்த மாதிரிச் சிபாரிசா?

கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் இரண்டு சொற்களில் இருக்கிறது. கடவுளுக்கு உரியது ஆராதனை. புனிதர்களுக்கு உரியது வணக்கம். கிரேக்க மூலத்தில் முன்னதற்கு லாத்ரியா என்றும், பின்னதற்குத் தூலியா என்றும் பெயர். மாதாவுக்குச் செய்வது வணக்கத்திலேயே உயர்ந்த வகை. அதுவும் ஆராதனை ஆகாது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் உள்ளவரையே சேரும் என்றும், ஆராதனை கடவுள் ஒருவருக்கே என்றும் வரையறுத்தது.

இந்த வேறுபாட்டைப் பண்டிதர் நூலில்தான் தேட வேண்டும் என்பதில்லை. தமிழில் சொல்லும் மன்றாட்டு மாலையைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். கடவுளை அழைக்கும்போது மக்கள் சொல்வது, இரங்கும் என்று. புனிதர் பெயரை அழைக்கும்போது சொல்வது, வேண்டிக்கொள்ளும் என்று. வினைச்சொல்லே மாறிவிடுகிறது. கொடுப்பவர் ஒருவர்தான், மற்றவர் நம்மோடு சேர்ந்து கேட்பவர்.

சிபாரிசு என்று நான் நினைத்தது இங்கேதான் தவறு. எட்டாத அதிகாரிக்குத்தான் சிபாரிசு வேண்டும். கடவுளைத் தந்தை என்று அழைப்பவர்களுக்கு இடைத்தரகர் எதற்கு? வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அண்ணன், அக்காள், பாட்டி எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்வதில்லையா, அதுதான் இது. இறந்துபோனதால் அந்தச் சொந்தம் அறுந்துவிடாது என்பது அவர்கள் நம்பிக்கை. புனிதர்களின் சமூக உறவு என்று இதற்குப் பெயர்.

இந்த வழக்கத்தில் குறை சொல்லப்படாமல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபையார் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1563-இல் திரெந்து சங்கம், புனிதரை வேண்டுவது நல்லது, பயனுள்ளது என்று நிலைநாட்டியது. கூடவே அதில் புகுந்த மூடப் பழக்கங்களை நீக்கச் சொன்னது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. புனிதர் வணக்கத்தின் உண்மை, வெளிச் சடங்குகளின் எண்ணிக்கையில் இல்லை, நாம் அன்பு செய்யும் ஆழத்தில் இருக்கிறது என்பது அதன் கருத்து. என் கணக்கரின் பதிலுக்கு விளக்கம் இதில் இருப்பதாக எனக்குப் பட்டது. சட்டம் எப்படியும் சொல்லலாம். நடப்பில் அப்படி உண்டா என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்குப் புனிதர்களின் வரலாற்றையே புரட்டினேன்.

சவேரியார் மயிலாப்பூரில் கேட்டது

சவேரியார் என்று நாம் அழைக்கும் பிரான்சிஸ் சேவியர், ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் 1506-இல் பிறந்தவர். 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக் கரைக்குப் போய்விட்டார். தமிழும் போர்த்துகீசும் தெரிந்தவர்களை உட்காரவைத்து அடிப்படை ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவரே எழுதிய கடிதங்களில் இதெல்லாம் இருக்கிறது. நோயாளி வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது, ஜெபம் கற்ற சிறுவர்களை அனுப்பினாராம்.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 1545-இல் அவருக்கு ஒரு பெரிய குழப்பம். இங்கேயே இருப்பதா, கடல் தாண்டிக் கிழக்கே போவதா? நேரே மயிலாப்பூர் வந்து, தோமையார் கல்லறை ஆலயத்தில் சில மாதங்கள் தங்கி ஜெபம் செய்தார். உடல்நலமோ பொருளோ அவர் கேட்கவில்லை. கடவுளுடைய சித்தம் எது என்று தெரிய வேண்டும், அதை நிறைவேற்ற மனவலிமை வேண்டும், இவ்வளவுதான். தெளிவு கிடைத்தது; மலாக்காவுக்குக் கப்பலேறினார். பிறகு ஜப்பான் வரை போய், சீனாவின் வாசலில் உள்ள சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் காலமானார்.

எத்தனையோ பேர் இன்று தேடிப் போகிற புனிதர், தாமே ஒரு புனிதரிடம் மாணவராகப் போயிருக்கிறார்! அவருடைய உடல் பழைய கோவா போம் ஜேசு ஆலயத்தில் இருக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்தார்கள்.

மடம் தாண்டாத மாணவி

1622 மார்ச் 12-ஆம் நாள் ரோமையில் ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் தந்தார்கள். சவேரியார் ஒருவர், மத்ரித் நகரத்துப் பண்ணையாள் இசிதோர் ஒருவர். உலகம் சுற்றியவரும் ஏர் உழுதவரும் ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த நாளில் முடியும்படி மார்ச் 4 முதல் 12 வரை சவேரியாருக்கு ஒரு நவநாள் உண்டு. நவநாள் என்பது ஒன்பது நாள் ஜெபம். இயேசு விண்ணேறிய பின் தூய ஆவியின் வருகை வரை சீடர்களும் மாதாவும் கூடி ஜெபித்துக் காத்திருந்த நாட்கள் ஒன்பது. அதை ஒட்டி வந்த கணக்கு.

1897 மார்ச் மாதம் அந்த நவநாளைச் செய்தவர்களில் பிரான்சு நாட்டு லிசியே ஊர்க் கார்மேல் மடத்து இளம் துறவி ஒருவர். வயது 24. சயரோகம். நம்மவர் குழந்தை தெரசாள் என்றும் சிறுமலர் என்றும் அழைக்கிறவர் அவர்தான். நம் நாட்டுக் கிழக்கே ஹனோய் மடத்துக்குப் போக ஆசை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. அவர் சவேரியார் வழியாகக் கேட்ட வரம், தாம் இறந்த பிறகும் இந்த உலகத்துக்கு நன்மை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. நோய் தீரவில்லை. அந்த வருஷம் செப்டம்பர் 30-ஆம் நாள் இறந்தார்.

அவர் கற்ற அன்பு எப்படிப்பட்டது என்பதை அவருடைய தன்வரலாற்றில் காணலாம். இறந்த மறு ஆண்டு வெளிவந்த நூல் அது. துணி துவைக்கும் இடத்தில் எதிரே இருந்த சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிடுவார். முகத்தைத் துடைத்து எரிச்சலைக் காட்டாமல் அதை ஏற்கப் பழகினார் தெரசாள். நடக்க முடியாத ஒரு மூத்த சகோதரியைச் சாப்பாட்டு அறைக்குத் தினமும் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். எப்படிப் பிடித்தாலும் அந்த முதியவருக்குக் குறைதான்! உட்காரவைத்து, ரொட்டியையும் துண்டு போட்டுக் கொடுத்து, ஒரு புன்னகையோடு திரும்புவார். இவ்வளவுதான் அவருடைய சாதனை. பெரிய காரியம் செய்ய முடியாதவர்களும் சிறிய காரியத்தைப் பெரிய அன்போடு செய்து கடவுளிடம் போகலாம் என்பதே அவர் காட்டிய சிறு வழி. 1925-இல் புனிதர் பட்டம். 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர் என்று சவேரியாரோடு சேர்த்து அறிவித்தார்கள். உலகத்தைச் சுற்றியவருக்கும் மடத்தின் வாசலைத் தாண்டாதவருக்கும் ஒரே பதவி.

கல்கத்தாவில் ஓர் இருட்டு

இந்தப் பரம்பரை அதோடு நிற்கவில்லை. 1929-இல் கல்கத்தா வந்த ஓர் அல்பேனியப் பெண், துறவறத்தில் தமக்கென்று எடுத்துக்கொண்ட பெயர் தெரசா. லிசியேவின் தெரசாளை நினைத்து எடுத்த பெயர். அன்னை தெரசாவின் தொண்டை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2007-இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் உலகத்துக்கு ஒன்று தெரிந்தது. தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி எடுத்துக் கழுவிய அத்தனை வருஷமும், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, அவருடைய ஜெபத்தில் இன்பம் இல்லை. கடவுள் இல்லாதது போன்ற ஓர் இருட்டு மனத்துக்குள் இருந்தது. சிறுமலருக்கும் கடைசி ஒன்றரை வருஷம் இதே போன்ற இருட்டுதான்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, நம்பிக்கையே இல்லாதவர் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வியாபாரி. லாபம் வரும்போது கடை திறப்பவன் யாரும்தான். பதில் வராத இடத்துக்குத் தினமும் கடிதம் போட்டுக்கொண்டு, அந்த முகவரிக்காரரின் பிள்ளைகளைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வது வேறு விஷயம். அதற்கு அன்பு என்றுதான் பெயர். 2016 செப்டம்பர் 4-ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு கல்கத்தா மறைமாவட்டத்தின் பாதுகாவலராகவும் அறிவித்தார்கள். அங்கே அவருக்கு இணைப் பாதுகாவலர் யார் தெரியுமோ? சவேரியார்!

தோமையார் கல்லறையில் சவேரியார், சவேரியாருக்கு நவநாள் செய்த தெரசாள், தெரசாள் பெயரைத் தாங்கிய அன்னை. இதைக் குரு பரம்பரை என்றே சொல்வேன். ஒவ்வொருவரும் தமக்கு முன் போனவரைப் பிடித்துக்கொண்டது, கடவுளை அன்பு செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான்.

மெழுகுக் காலும் வேண்டும்

அப்படியானால் மாஹிமில் மெழுகு வீடு வாங்குகிறவர் செய்வது தப்பா? தப்பில்லை என்பதே என் எண்ணம். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்ச நமஸ்காரத்தில் ஐந்து நிலைப் பெரியோரை வணங்குகிறோம். அதில் கேட்பது என்று ஒன்றுமே இல்லை. அருகன் தருபவரும் அல்லர், மறுப்பவரும் அல்லர்; அவர் குணம் நமக்கு வாய்க்க வேண்டும் என்பதற்கே வணக்கம். இப்படி மேடையில் பேசுவேன். சரக்கு மழையில் நனைந்த வருஷம் இயக்கி சந்நிதியில் போய் நின்றவனும் நான்தான். துன்பம் வந்தால் மனிதன் கேட்கத்தான் செய்வான். கேட்க வந்தவனைத்தான் கற்க வைக்க முடியும். வாசலுக்கே வராதவனுக்கு யார் என்ன சொல்லிக்கொடுப்பது?

கத்தோலிக்கருக்கும் எங்களுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. நாங்கள் சொல்வது தன் முயற்சியால் வினை அறுப்பது. அவர்கள் சொல்வது கடவுளின் அருளால் அன்பில் வளர்வது. ஆனாலும் பெரியோரை வணங்கினால் வணங்கினவன் மாற வேண்டும். மாறாவிட்டால் அது வெறும் கொடுக்கல் வாங்கல் என்பதில் இருவரும் ஒன்று.

என் கணக்கருக்கு இப்போது வயதாகிவிட்டது. கடை வேலையை விட்டுவிட்டார். புதன்கிழமை மாஹிம் போவதை விடவில்லை. ஒரு நாள் நானும் உடன் போனேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்துப் படத்தின் முன்னால் திறந்து வைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பெயர்கள். சில பெயருக்கு நேரே ஊர்: ஆம்பூர், சிவகாசி, ராமநாதபுரம். யார் இவர்கள் என்று கேட்டேன். சிகிச்சைக்காக இந்த ஊருக்கு வந்திருக்கும் நம்மவர்களாம். இந்தி தெரியாமல், எந்த வரிசையில் நிற்பது என்று புரியாமல் தவிப்பார்களே, அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மொழி சொல்லிக்கொண்டிருக்கிறார், மனைவி இறந்ததிலிருந்து. அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இத்தனை வருஷமாய் இது தெரியாது.

"நீங்க சொல்லவே இல்லையே?" என்றேன்.

"இதுல சொல்ல என்ன இருக்கு அண்ணாச்சி? அவ படுத்திருந்தப்ப எனக்கும் பாஷை புரியாமத்தானே திண்டாடினேன்" என்றார்.

அவர் அன்று கேட்டது கிடைக்கவில்லை என்பது உண்மை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்களாம். சனிக்கிழமை நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.