மூன்றாம் நிலை நடுத்தரம் அல்ல

சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பனி பழகிய பொருள். பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமில் விழுந்து எழும்பிப் பழகியவர்கள், இருபது வயதைத் தொட்டதும் தொங்குவண்டி போகாத மலைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். சறுக்குப் பலகையின் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் தம் காலால் ஏறி, உச்சியில் பட்டையைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, யாரும் தொடாத பனியில் இறங்கி வருவதை இங்கே ஸ்கீ டூர் என்பார்கள். பார்க்கப் பார்க்க ஆசை தரும் விளையாட்டு அது. பனியே காணாமல் வளர்ந்த பெற்றோராகிய நாமோ “கவனமாய்ப் போயிட்டு வா” என்பதற்கு மேல் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறோம். எதில் கவனம் வேண்டும் என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கட்டணம் வாங்கிச் சறுக்கவிடும் பாதைகளில் பனிச்சரிவைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஆபத்தான பனியை விடியற்காலையில் வெடிவைத்து இறக்குவார்கள். நிலைமை சரியில்லை என்றால் பாதையை மூடுவார்கள். அந்தப் பாதையின் குறிக்கம்பத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தால் இதில் ஒன்றும் கிடையாது. இந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 20-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஸ்கீ டூர் போனவர்கள், அல்லது பாதைக்கு வெளியே சறுக்கியவர்கள். பத்தில் ஒன்பது விபத்துகளில் அந்தச் சரிவைக் கிளப்பியது புதையுண்டவரோ அவருடைய கூட்டத்தில் ஒருவரோதான். மலை பெரும்பாலும் தானாக வந்து விழுவதில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். விதி என்று சொல்லிக் கடந்துபோகக்கூடிய சாவுகள் அல்ல இவை.

நடப்பது இதுதான். பனி ஒரே நாளில் விழுந்து கிடப்பதில்லை, அடுக்கடுக்காகச் சேர்கிறது. நடுவில் ஓர் அடுக்கு சீனி போல ஒட்டாத மணிகளாக மாறியிருக்கும். அதன் மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய பனி ஒரு பலகையாகப் படுத்திருக்கும். தட்டில் சீனியைப் பரப்பி அதன் மேல் ஒரு தடித்த ரொட்டியை வைத்து, தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுமார் 30 பாகைக்கு மேல் சாய்ந்த மலைச்சரிவில் ஒருவருடைய எடை அந்தச் சீனி அடுக்கை நொறுக்கினால் போதும். வெடிப்பு கண்மூடித் திறக்கும் முன் பக்கவாட்டில் ஓடி, அவருடைய தலைக்கு மேலே எங்கோ பனி அறுந்து, முழுச் சரிவும் அவரோடு சேர்ந்து கிளம்பிவிடும். நடக்கும்போது காலடியில் “வும்” என்ற மங்கலான ஓசை கேட்டாலோ, பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ, அடுக்கு நொறுங்கத் தயாராக இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு செங்குத்தான இடத்துக்குப் போகக்கூடாது.

இந்த அடுக்குகளைப் படிப்பதற்கென்றே டாவோஸ் நகரில் எஸ்.எல்.எஃப். என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறார்கள். வைட் ரிஸ்க் என்ற கைப்பேசிச் செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். ஆபத்து ஒன்று முதல் ஐந்து வரை நிலைகளாகக் குறிக்கப்படும். நம்மவர்கள் அதிகம் தவறாகப் படிப்பதும் இதைத்தான். ஐந்தில் மூன்று என்றால் பரீட்சையில் நடுத்தர மதிப்பெண் போலத் தோன்றுகிறது. உண்மையில் மூன்றாம் நிலைக்கு ஜேர்மனில் இட்டிருக்கும் பெயருக்குக் “கணிசமான ஆபத்து” என்று பொருள். நிலை ஒன்று கூடினால் ஆபத்து ஒரு படி மட்டும் ஏறுவதில்லை, மடங்காக ஏறுகிறது. சுவிஸில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழப் பாதி மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில் நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் யாரும் சொல்லாமலே வீட்டில் இருந்துவிடுகிறோம். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், புதுப் பனி மினுங்கும், நண்பர்கள் வாட்ஸ்அப்பில் நேரம் குறிப்பார்கள்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவில், எந்த வகைப் பனி என்பதெல்லாம் அதன் கீழே எழுதியிருக்கும். புதுப் பனி, காற்றடித்த பனி, பழைய பனிக்குள் புதைந்த பலவீன அடுக்கு, ஈரப் பனி, வழுக்கி இறங்கும் பனி என ஐந்து வகை சொல்கிறார்கள். காற்றடித்த பனியை ஓரளவு கண்ணால் கண்டுபிடிக்கலாம். ஈரப் பனிக்கு மருந்து நேரம்தான். வசந்த காலத்தில் இருட்டோடு கிளம்பி, வெயில் பனியை இளக்கும் முன் இறங்கிவிட வேண்டும். புதைந்த பலவீன அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டால் பழகாதவர்கள் செங்குத்துச் சரிவை அன்று அடியோடு மறந்துவிடுவது நல்லது.

வெர்னர் முண்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி 1990-களில் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. சிறு பிள்ளையும் மனப்பாடம் செய்யலாம். போகும் சரிவு இரண்டாம் நிலையில் 40 பாகைக்குக் கீழ், மூன்றாம் நிலையில் 35-க்குக் கீழ், நான்காம் நிலையில் 30-க்குக் கீழ். சுவிஸ் அரசின் இலவச வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று நிறம் காட்டும். முந்திய நாள் இரவு வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, போகும் வழியில் நிறம் எங்கெங்கே வருகிறது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது, எங்கிருந்து திரும்புவது என்று எழுதிக்கொள்ளுங்கள். முண்டர் இதை மூன்று முறை செய்யச் சொன்னார்: வீட்டில் ஒரு தடவை, மலையடிவாரத்தில் ஒரு தடவை, ஒவ்வொரு சரிவின் முன்னும் ஒரு தடவை. மூன்று தடவையும் பனியையும் வானிலையையும் பார்க்க வேண்டும், நிலத்தைப் பார்க்க வேண்டும், கூட வந்திருக்கும் மனிதர்களையும் பார்க்க வேண்டும். ஆழ்ந்த பனியில் களைத்து, குளிரில் விரல் விறைத்து நிற்கும்போது மூளை நியாயம் பேசாது. அதனால்தான் முடிவின் பெரும் பகுதியைச் சூடான அறையிலேயே எடுத்துவிட வேண்டும்.

நிறத்துக்கு வெளியே சமதளத்தில் நடந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2003 பெப்ரவரி 1 அன்று கனடாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகே, அல்பேர்ட்டா மாகாணப் பள்ளி ஒன்றின் 14 மாணவர்களும் 3 பெரியவர்களும் ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறியது செங்குத்தில் அல்ல, பள்ளத்தாக்கின் அடியில். மேலே, நெடுந்தூரத்தில் அறுந்த பனி கீழே வந்து 17 பேரையும் மூடியது. அப்பகுதியில் இருந்த இரண்டு வழிகாட்டிகள் கண்டு ஓடி வந்து தோண்டியதால் பலர் பிழைத்தார்கள். ஏழு மாணவர்கள் பிழைக்கவில்லை. அன்றைய அறிக்கையில் மேல் மலைக்கு இருந்ததும் அதே “கணிசமான ஆபத்து” என்ற நிலைதான். பிள்ளைகள் எப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறார்கள் என்பது தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று பெற்றோர் கேட்ட கேள்வி நாட்டையே உலுக்கியது. அதன் பிறகுதான் மலைப்பகுதிகளை எளிது, சவாலானது, சிக்கலானது என்று தரம் பிரித்து எல்லோருக்கும் புரியும்படி எழுதும் முறையைக் கனடா கொண்டுவந்தது. பள்ளியோ சங்கமோ நம் பிள்ளையை மலைக்கு அழைத்துப் போகும்போது, எந்த வழி, எந்தத் தரம், அன்றைய நிலை என்ன, யார் வழிகாட்டி, புதையுண்டவரைக் கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு தேடற்கருவி உண்டா என்று கேட்பது நம் உரிமை. மொழி சரளமாக வராது என்று கூச்சப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டாம். பிள்ளையை வைத்தே கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.

பனியைவிட நம்மை ஏமாற்றுவது கூட்டம். அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, மனிதர் எங்கே சறுக்குகிறார்கள் என்று சொன்னார். பழகிய மலை என்பதால் வரும் துணிவு, குறித்த உச்சியைத் தொடாமல் திரும்புவதா என்ற பிடிவாதம், அடுத்தவர் கண்ணில் மட்டமாகத் தெரிவோமோ என்ற நினைப்பு, முன்னே போகிறவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை, ஏற்கெனவே ஒரு தடம் கிடக்கிறதே என்ற ஆறுதல், இன்று விட்டால் இந்தப் பனி கிடைக்காது என்ற அவசரம். இதைக் கண்கூடாகக் காட்டியது 2012 பெப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்து ஸ்டீவன்ஸ் கணவாய்ப் பகுதியில் நடந்த பனிச்சரிவு. டனல் கிரீக் என்ற சரிவில் 16 பேர் சேர்ந்து இறங்கப் போனார்கள். தொழில்முறைச் சறுக்கு வீரர்கள், அந்த மலையை உள்ளங்கை போல அறிந்தவர்கள். மூன்று பேர் இறந்தார்கள். உள்ளுக்குள் தயக்கம் இருந்தது, இத்தனை கெட்டிக்காரர்கள் இருக்கும்போது நான் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன் என்ற பொருளில் பிழைத்தவர்களில் சிலர் பிறகு சொன்னார்கள்.

பெரியவர் பேச்சைத் தட்டாதே என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு ஆபத்து என்று நான் கருதுகிறேன். மலையில் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கூட்டத்தில் இளையவர், பழக்கம் குறைந்தவர், யாராக இருந்தாலும் ஒருவர் “எனக்குச் சரியாகப் படவில்லை” என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும். வண்டியை விட்டு இறங்கும் முன்பே இதைப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாத கூட்டத்தோடு போகவே வேண்டாம். கூட்டம் நாலைந்து பேருக்கு மேல் இல்லாமல் இருந்தால் பேசவும் முடியும், பார்க்கவும் முடியும். ஏறும்போது செங்குத்தில் ஆளுக்கு ஆள் குறைந்தது பத்து மீட்டர் இடைவெளி. இறங்கும்போது ஒவ்வொருவராக, பாதுகாப்பான இடத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு.

எல்லாம் செய்தும் பனி மூடினால், கணக்கு நிமிடத்தில். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர். ஹெலிகொப்டர் எவ்வளவு விரைந்தாலும் அந்த முதல் நிமிடங்களில் பெரும்பாலும் வந்து சேராது. அதனால் எல்.வி.எஸ். என்ற தேடற்கருவி, மடக்குத் துழாவுகோல், உலோக மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்பது உதவாது. எந்த நிறுவனத்துக் கருவியானாலும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுவதால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கும். கைப்பேசியை அதன் அருகே வைத்தால் குழம்பும். தேடும்போது அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். பலர் கருவியை வாங்கிவிட்டுப் பையில் போட்டு மறந்துவிடுகிறார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு பையைப் புதைத்து, நேரம் பார்த்து, வியர்க்க வியர்க்கத் தோண்டிப் பழகாதவருக்கு அன்று கை ஓடாது. சரிவு நிகழ்ந்தால் ஆள் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தைப் பார்வையிலிருந்து விடாதீர்கள். இன்னொரு சரிவு வராது என்று பார்த்துவிட்டு, ஆட்கள் போதுமானால் ஒருவர் வான்மீட்பு எண்ணான 1414-க்கு அழைக்க மற்றவர்கள் தேடத் தொடங்குங்கள். வலே மாநிலத்தில் எண் 144. தோண்டும்போது முதலில் முகம், வாய், மூக்கு.

இனிக் காப்புறுதி. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, விடுமுறை நாளில் நடக்கும் விபத்துக்கும் அந்த வேலைவழிக் காப்புறுதி உண்டு. நம்மவர்களில் பலர் மூன்று நான்கு இடங்களில் இரண்டிரண்டு மணி நேரம் துப்புரவு வேலை செய்கிறார்கள். மொத்தமாக எத்தனை மணி நேரம் ஆனாலும், எந்த ஒரு முதலாளியிடமும் எட்டைத் தொடாவிட்டால் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கு அவர்களுக்குக் காப்பு இல்லை. படிக்கும் பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் அப்படியே. இவர்கள் கிராங்கன்காசே என்ற மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதியைச் சேர்த்திருக்க வேண்டும். அதிலும் மீட்புச் செலவில் பாதிதான் தருவார்கள், ஆண்டுக்கு 5,000 பிராங்குக்கு மேல் தரமாட்டார்கள். இன்று மாலையே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ரேகா வான்மீட்பு அமைப்புக்கு ஆண்டுக்கு 40 பிராங்க் ஆதரவுப் பணம் செலுத்துவது நல்ல காரியம்தான். ஆனால் அது காப்புறுதி அல்ல, மற்றவர் தராத செலவைத் தம் விருப்பத்தில் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு.

வேலைவழிக் காப்புறுதியிலும் ஒரு முள் உண்டு. எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் போனதாகக் கண்டால் அதைத் துணிகரச் செயல் என்று சொல்லி நாட்கூலிப் பணத்தையும் ஓய்வூதியத்தையும் பாதியாகக் குறைக்கலாம், மோசமான நிலையில் மறுக்கவும் செய்யலாம். மருத்துவச் செலவு மட்டும் குறையாது. குறைத்தால் மனம் உடைந்து உட்கார்ந்துவிட வேண்டாம். முடிவை முறையான எழுத்து ஆணையாகக் கேட்டு வாங்கி, 30 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இன்னும் 30 நாட்களுக்குள் மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். முந்திய இரவு எழுதிய வழித்திட்டமும், அறிக்கையைப் பார்த்ததற்கான பதிவும் அங்கே உங்கள் சாட்சி.

பணம் வாங்கி அழைத்துப் போகும் வழிகாட்டிக்கு 2014 முதல் சுவிஸ் சட்டப்படி அரச அனுமதி வேண்டும். குறைந்தது 50 இலட்சம் பிராங்க் பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். கேட்டுப் பாருங்கள், நல்ல வழிகாட்டி முகம் சுளிக்கமாட்டார். பணம் வாங்காமல் நண்பர்களை அழைத்துப் போகும் அனுபவசாலியும் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் தம்மை நம்பித்தான் வந்தார்கள் என்றால் நீதிமன்றம் அவரைத் தலைவராகவே கருதக்கூடும். எல்லை தாண்டிப் போகிறவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் 2022 முதல் பனிச்சரிவு ஆபத்துள்ள இடத்தில் ஸ்கீ டூர் போகிறவர் தேடற்கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றையும் வைத்திருப்பது சட்டம்.

தனித்துப் போகும் திறமை ஒரு குளிர்காலத்தில் வந்துவிடாது. சுவிஸ் அல்பைன் கழகத்தின் கிளை பெரும்பாலும் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கும். அங்கே இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். முதல் பருவம் பிறர் பின்னால் போங்கள், ஆனால் ஒவ்வொரு சரிவிலும் முன்னே நிற்பவர் முடிவு சொல்லும் முன் உங்கள் முடிவை மனதுக்குள் சொல்லிவிட்டு, பிறகு ஏன் வேறுபட்டது என்று கேளுங்கள். இரண்டாம் பருவம் எளிதான வழிகளில், முதலாம் இரண்டாம் நிலை நாட்களில், நீங்களே திட்டம் எழுதுங்கள்.

பனிச்சரிவு அறிக்கை ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வருகிறது, தமிழில் இல்லை. நாளை உங்கள் மகனோ மகளோ மலைக்குப் போகிறார் என்றால், இன்று மாலை ஐந்து மணிக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, அதை வரிவரியாக உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.