கால் அங்குலத்துக்கு ஓராண்டு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் கூடுமிடத்தில் இருக்கிறது பதூக்கா. மக்கள்தொகை சுமார் 27,000. வசந்த காலத்தில் ஒரு வாரம் மட்டும் ஊர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள் அதிகமாகிவிடுவார்கள். ஹோட்டல்கள் நிரம்பி வழிய, வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. தேரோட்டத்துக்குத் திரள்வதுபோல இங்கே குவில்ட்டுக்காகத் திரள்கிறார்கள்.

துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தையல் ஓட்டினால் அது குவில்ட். பில், மெரிடித் ஷ்ரோடர் தம்பதி 1984-ல் தொடங்கிய அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி, அடுத்த ஆண்டே இங்கே முதல் கண்காட்சியை நடத்தியது. 1991-ல் குவில்ட்டுக்கென்றே அருங்காட்சியகம் வந்தது. 2013-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் பதூக்காவைச் சேர்த்தது.

பரிசு பெற்ற குவில்ட்டுகளைப் பார்க்கத்தான் பெருங்கூட்டம். என் மனம் போவது கண்காட்சியோடு நடக்கும் வகுப்பறைப் பக்கம். அங்கே ஒரு நாள் பாடம் நடத்த ஆசிரியருக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை இருக்கிறது.

முதலில் விண்ணப்பம். வகுப்புக்கு ஒரு பெயர், மாதிரிக் குவில்ட்டின் படம், மாணவர் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல். பட்டியலில் துணியைக் கால் கெஜம் குறைத்து எழுதிவிட்டால், வகுப்பின் பாதியில் யாரோ ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது மாதிரிகள். முடித்த குவில்ட்டை மட்டும் மடித்து எடுத்துப் போனால் போதாது. மாணவர் பார்க்க வேண்டியது பாதியில் நிற்கும் துணியை.

குவில்ட்டில் அடிக்கடி வரும் ஒரு கட்டத்தைப் பாருங்கள்: இரு நிற முக்கோணங்கள் சேர்ந்த ஒரு சதுரம். முக்கோணமாக வெட்டிய பிறகு தைத்தால் துணி இழுபட்டுக் கோணிக்கொள்ளும். கிராஸ் கட்டிங் பிளவுஸ் தைத்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். அதனால் 4 அங்குலச் சதுரங்கள் இரண்டை, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைப்பார்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின்மேலேயே வெட்டுவார்கள். விரித்தால் இரண்டு கட்டங்கள். இஸ்திரி போட்டு, மூன்றரை அங்குலத்துக்கு ஓரத்தைச் சீராக்கினால் முடிந்தது.

வாயால் சொன்னால் இது குழப்பும். ஆகவே கோடு மட்டும் போட்டது, ஒரு பக்கம் தைத்தது, இரு பக்கமும் தைத்தது, வெட்டியது, இஸ்திரி போட்டது, ஓரம் சீராக்கியது என ஆறு துண்டுகளை ஓர் அட்டையில் வரிசையாகக் குத்தி வருவார் ஆசிரியர். பின்வரிசைக்கும் தையல் தெரிவதற்காக வெளிர்துணியில் கறுப்பு நூல். தன் வேலைக்கென்றால் நூலைத் துணியின் நிறத்தோடு மறைத்துவிடும் கை, இங்கே அதை வெளியே காட்டுகிறது. யோசிக்காமல் ஓடிவிடும் தன் கையை ஆறு இடத்தில் நிறுத்திப் பார்ப்பது எளிதல்ல. தயாரிப்பின் உயிர் இந்த அட்டையில்தான் இருக்கிறது என்பேன்.

பிறகு மூட்டை கட்டுவது. 20 பேர் வகுப்பென்றால் துணி போட்ட 20 உறைகள், கூடுதலாக இரண்டு. 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த உருளைக் கத்தி கைக்கு வந்த பிறகு, அடுக்கிய துணியை ஒரே இழுப்பில் அறுக்க முடிகிறது. ஆனால் விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியில்தான் போட வேண்டும். பெட்டிக்கோ பெரும்பாலும் 23 கிலோதான் கணக்கு. மாதிரி அட்டை மட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வழிதவறினால் துணியைப் போன ஊரில் வாங்கிக்கொள்ளலாம், அட்டையை வாங்க முடியாது.

பெரிய கண்காட்சிகளில் வகுப்புக்கான தையல் மெஷின்களை நிறுவனங்களே தருவது வழக்கம். நல்ல மெஷின்கள்தான், ஆனால் உட்காருபவருக்குப் பழகாதவை. குவில்ட்டில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். ஒவ்வொரு தையலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளி விழுந்தால் என்ன ஆகும்? எட்டுத் துண்டு கொண்ட வரிசையில் ஏழு தையல். ஒவ்வொன்றும் இரு பக்கமும் துணியைத் தின்னும். வரிசை முடிவில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையோடு அது எப்படிச் சேரும்?

அதனால் பாடம் தொடங்குமுன் ஒரு சோதனை. ஒன்றரை அங்குல அகலப் பட்டைகள் மூன்றை இணைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். நூலிழை குறைந்தாலும் பிரித்து, ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி தைக்கச் சொல்லி மேசை மேசையாக அடிக்கோலோடு போகிறார் ஆசிரியர். 20 பேருக்குமான அந்த 60 பட்டைகளையும் அவர் தன் ஊரிலேயே வெட்டி, மும்மூன்றாகக் குண்டூசி குத்தி எடுத்து வந்திருக்கிறார்.