ரசாயனம் தடவிய நோட்டு எதை நிரூபிக்கும்?

‘பட்டா மாறுதலுக்கு லஞ்சம்: வி.ஏ.ஓ. கைது’ என்று செய்தி வந்தால், அதில் ‘ரசாயனம் தடவிய நோட்டு’ கட்டாயம் இடம்பெற்றிருக்கும். அந்த ரசாயனத்தின் பெயர் பினாப்தலீன். நோட்டில் பூசினால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளைப் பவுடர்.

புகார் வந்ததும் லஞ்ச ஒழிப்பு போலீசார் வேறு துறை அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக அழைக்கிறார்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பவுடர் தடவி, புகார்தாரரின் சட்டைப் பையில் வைக்கிறார்கள். ‘அவராகக் கேட்டால் மட்டும் கொடுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். பணம் கைமாறியதும் புகார்தாரர் வெளியே வந்து, முகத்தைத் துடைப்பது போல ஏதாவது சைகை காட்டுவார். அடுத்த நிமிடம் அதிகாரியின் விரல்கள் சோடியம் கார்பனேட் கரைசலில். நீர் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், அவர் நோட்டைத் தொட்டார் என்பதற்குத்தான் அந்த நிறம் சாட்சி. ‘லஞ்சம் கேட்டார்’ என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். ‘கொடுத்த கடன் திரும்பி வந்தது’, ‘என் பையில் திணித்துவிட்டார்’ என்பதெல்லாம் நீதிமன்றங்கள் அலுக்க அலுக்கக் கேட்ட வாதங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்போது புகார்தாரரே பிறழ்சாட்சியாக மாறினால் எல்லாம் ஆட்டம் காணும்.

தில்லியில் மின் மீட்டருக்கு லஞ்சம் கேட்டதாக ஒரு ஊழியர் மீது வழக்கு. சாட்சி சொல்லும் முன்பே புகார்தாரர் இறந்துவிட்டார். லஞ்சம் கேட்டதைச் சந்தர்ப்ப சாட்சியங்களைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படிக்கூட நிரூபணமாகவில்லை என்று 2023 மார்ச்சில் அந்த ஊழியர் விடுதலையானார்.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தப்படி, லஞ்சம் வாங்கியவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்து தப்பலாம்; முன்கூட்டியே போலீசிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் குற்றமில்லை.

அதே திருத்தம் 17ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. பதவியில் எடுத்த முடிவு குறித்து ஓர் அதிகாரியை விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு மட்டும் இந்தக் கவசம் கிடையாது. ஆகவே, பட்டாவுக்குக் கைநீட்டும் வி.ஏ.ஓ.வை அன்றைக்கே தூக்கலாம். கோடிக்கணக்கில் டெண்டர் முடிவு செய்பவரோ நோட்டைத் தொடுவதில்லை; அவர் கையெழுத்திட்ட கோப்பைப் புரட்ட, கோட்டையிலிருந்து அனுமதிக் கடிதம் வர வேண்டும்.