பழைய எஞ்சினுக்கும் காவல் வேணும்!



நம்ம ஊர் ஸ்டேஷனுக்கு வரும் பொதிகை எக்ஸ்பிரஸில் நீராவி எஞ்சின் கிடையாது. ஆனால் நம் நாட்டில் நீராவி எஞ்சின் இன்னும் ஓடுது, தெரியுமா? நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவியில்தான் ஏறும். 1855-ல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினை, 2010-ல் சென்னை பெரம்பூர் பணிமனையில் சரி பண்ணி மறுபடி ஓட வைத்தார்கள்.

இவ்வளவு வயசான எஞ்சின், வேக ரயில்கள் ஓடும் பாதையில் போனால் ஆபத்து இல்லையா?

முதலில் இன்றைய பாதுகாப்பைப் பார்ப்போம். அதன் பெயர் 'கவச்'. கவசம் என்று பொருள். தண்டவாளத்தில் பதித்த சின்ன அட்டைகள் 'நீ இங்கே இருக்கிறாய்' என்று எஞ்சினுக்குச் சொல்லும். சிக்னல் சிவப்பா பச்சையா என்பது ரேடியோ மூலம் வரும். டிரைவர் பிரேக் போடாவிட்டால் கவச் தானே போட்டுவிடும். 2022 மார்ச் 4-ல் தெலங்கானாவில் சோதித்தபோது, எதிரே நின்ற எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்னாலேயே ரயில் தானாக நின்றது.

பழைய எஞ்சினில் இதை மாட்டுவது லேசான வேலை இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வேணும். சூடு, கரித்தூசி, அதிர்வு எல்லாத்தையும் அது தாங்கணும்.

மாட்டினால் மட்டும் போதுமா? போதாது! இங்கிலாந்தில் உட்டன் பேசட் என்ற இடத்தில் 2015 மார்ச் 7-ல் ஒரு நீராவி சுற்றுலா ரயில் போனது. அதில் தானியங்கி பிரேக் இருந்தது. அது வேலை செய்து ரயிலை நிறுத்தப் பார்த்தது. எஞ்சினில் இருந்தவர்களோ அதன் வால்வை மூடிவிட்டார்கள்! கொஞ்ச தூரத்தில் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி, பாதைகள் சேரும் இடத்தில் போய் நின்றது. முந்தின ரயில் அப்போதுதான் கடந்து போயிருந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை.

நம்ம நீலகிரியில் மனிதர்களே காவல். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம் அது. பெட்டிகள் பின்னால் உருண்டுவிடாமல் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். முன் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். விசில் கேட்டால் எல்லாரும் பிரேக் பிடிப்பார்கள். ஒருத்தரும் 'இன்னிக்கு வேண்டாம்' என்று விடமுடியாது.

ஆகவே ஆபத்து எஞ்சினின் வயசில் இல்லை. விதியை ஒதுக்கி வைக்கும் கையில்தான் இருக்கு.

நண்பர்களே, பள்ளிக்கு நேரமாச்சு என்று மூடின ரயில்வே கேட்டுக்கு அடியில் நுழைகிறோமே, அதுவும் வால்வை மூடுவது மாதிரிதான்! மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரே வினாடியில் 27 மீட்டர் தாண்டிவிடும். கேட் திறக்கும்வரை நிற்போமா?