எந்த மீனுக்கு எந்தக் கயிறு?

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பீடோர் பட்டணத்துச் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் தூண்டில் கோலைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் இருவர் இருவராகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆறு நாள் செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் உழைத்த உடம்புக்கு ஏழாம் நாள் கிடைக்கும் சின்ன இன்பம் அது. கையில் மீன் கிடைத்தால் வீட்டில் குழம்பு. கிடைக்காவிட்டால் காற்று வாங்கியது மிச்சம்.

இவர்களில் பலர் இப்போது பழைய நைலான் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னல் கயிற்றுக்கு மாறியிருக்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும், "தவுக்கே, இருக்கிறதிலேயே பலமான கயிறாகக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் எண்பது இராத்தல் கயிற்றை எடுத்து வைக்கிறார். உழைத்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

பலமான கயிறுதான் நல்ல கயிறா? இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் பதில். அது ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

தங்சி காலம்

நம் தகப்பன்மார் காலத்துத் தூண்டில் எளிமையானது. ஒரு மூங்கில் கழி, நாலு முழம் நைலான் கயிறு, ஒரு முள், ஒரு மண்புழு. அவ்வளவுதான். அந்த நைலான் கயிற்றை மலாய்க்காரர்கள் 'தங்சி' என்பார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம்.

நைலான் பிறந்தது 1935ஆம் ஆண்டில். அமெரிக்காவின் டூபோன் நிறுவனத்தில் வேலை செய்த வாலஸ் கரோதர்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு அதைக் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு பட்டு நூலையும் சணல் நாரையும் பின்னித்தான் தூண்டில் கயிறு செய்தார்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அது மக்கிப்போகும். நைலான் மக்கவில்லை, விலையும் மலிவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகமெங்கும் பரவி, பால்மரத் தோட்டத்து லயம் வரைக்கும் வந்துவிட்டது.

தங்சிக்கு ஒரு குணம் உண்டு. இழுத்தால் நீளும். நூறு அடிக் கயிறு பலமாக இழுபடும்போது இருபது அடிக்கு மேல்கூட நீண்டு கொடுக்கும். மீன் திடீரென்று பாய்ந்தால் அந்த நீட்சி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறினால் அறுந்துபோகும். மீன் போச்சே என்று நாலு வார்த்தை முனகிவிட்டு நாமும் வீடு திரும்புவோம்.

பின்னல் கயிறு வந்த கதை

இப்போதைய பின்னல் கயிறு வேறு சாதி. இது பாலித்தீன் இனத்தைச் சேர்ந்தது. கடையில் காய்கறி போட்டுக் கொடுக்கும் பைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் இதன் மூலக்கூறுகள் மிக மிக நீளமானவை. அவற்றை ஒரே திசையில் இழுத்து நூலாக்கும் முறையை 1970களின் இறுதியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தார் உருவாக்கினார்கள். அந்த நூலுக்கு டைனீமா என்று பெயர். அமெரிக்காவில் இதே வகை நூல் ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வந்தது. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு பலம். குண்டு துளைக்காத சட்டைகளையும் இதில் செய்கிறார்கள். 1990களில் இது தூண்டில் கயிறாகக் கடைகளுக்கு வந்தது.

நாலு இழை அல்லது எட்டு இழையைத் தலைமுடி பின்னுவது போல் பின்னியிருப்பார்கள். நாலு இழை சற்றுச் சொரசொரப்பு, விலை குறைவு. எட்டு இழை வழவழப்பு, வீசும்போது சத்தமில்லாமல் ஓடும், விலை கூடுதல்.

இதன் சிறப்புகள் மூன்று. முதலாவது, மெல்லியது. முப்பது இராத்தல், அதாவது சுமார் பதின்மூன்றரை கிலோ தாங்கும் பின்னல் கயிறு, எட்டு இராத்தல் தங்சியின் பருமன்தான் இருக்கும். இரண்டாவது, இது நீளுவதே இல்லை எனலாம். மீன் வாய் வைத்தால் அந்தக் கணமே விரலுக்குத் தெரியும். மூன்றாவது, நீரைவிட இலேசானது, ஆகையால் மிதக்கும்.

குறைகளும் மூன்று. கூரான கல்லிலும் மரக்கட்டையிலும் உரசினால் சீக்கிரம் அறும். வழவழப்பானதால் சாதாரண முடிச்சு நழுவும். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தால் கத்தி போல் சதையை வெட்டும்.

விராலுக்கு ஏற்றது

பீடோர் சுற்றுவட்டாரத்தில் பலர் தேடிப் போவது விரால்தான். மலாய்க்காரர்கள் ஹருவான் என்பார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் புண் ஆறட்டும் என்று விரால் சமைத்துக் கொடுப்பது இந்த நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். அதனால் விரால் பிடிப்பவருக்கு அக்கம்பக்கத்தில் நல்ல மரியாதை!

விரால் திறந்த நீரில் நிற்பதில்லை. ஆகாயத் தாமரைக்கும் புல்லுக்கும் நடுவில் பதுங்கியிருக்கும். அங்கே இரப்பர்த் தவளையை வீசி, நீர்மேல் துள்ளத் துள்ள இழுக்க வேண்டும். விரால் பாய்ந்து கவ்வியதும் கொடிக்குள் புகுந்துவிடும். நீளும் தங்சியால் முள்ளை அதன் கெட்டியான வாயில் ஏற்றுவதும் கடினம். கொடியிலிருந்து வெளியே இழுப்பதும் கடினம். மிதக்கும், நீளாத, பலமான பின்னல் கயிறு இங்கேதான் தன் பெருமையைக் காட்டுகிறது. இதற்கு முப்பதிலிருந்து நாற்பது இராத்தல் போதும். பெரும்பாலும் கிடைப்பது ஒரு கிலோ, இரண்டு கிலோ மீன். அதற்கு எண்பது இராத்தல் கயிறு, எலி பிடிக்க யானைச் சங்கிலி!

மண்புழு கோத்துக் கெளுத்தியும் லம்பாமும் பிடிப்பவருக்குப் பின்னல் கயிறே வேண்டாம். அடியில் கிடக்க வேண்டிய இரைக்கு மிதக்கும் கயிறு எதற்கு? தெலுக் இந்தான் பக்கம் ஆற்று இறால் பிடிக்கப் போகிறவருக்கும் மெல்லிய தங்சியே போதும்.

சால்மன் சொல்லும் பாடம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் சால்மன் என்றொரு பெரிய மீன் உண்டு. பசிபிக் கடல் மீனான அதை 1966, 1967ஆம் ஆண்டுகளில் மிச்சிகன் ஏரிப் பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். பெருகிவிட்டது. அதைப் பிடிப்பவர்கள் படகை மெதுவாக ஓட்டி, கயிற்றைப் பின்னால் வெகுதூரம் விட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். மெல்லிய கயிறு தண்ணீரைச் சுலபமாக வெட்டிச் செல்லும். அதனால் இரை ஆழத்துக்குப் போகும். ஆகவே அவர்களுக்கும் பின்னல் கயிறு பிடிக்கும்.

ஆனால் சிலருக்கு மீன் மாட்டிய வேகத்தில் கழன்று போயிற்று. காரணம், கயிறு நீளவில்லை. சால்மனின் வாய்ச்சதை கிழிந்துவிட்டது. ஆகவே வளைந்து கொடுக்கும் கோலைப் பயன்படுத்தினார்கள். பின்னல் கயிற்றின் முனையில் நைலான் கயிற்றைச் சேர்த்துக் கட்டினார்கள். ரீலின் இழுவைத் திருகைத் தளர்த்தி வைத்தார்கள். கயிறு விட்டுக்கொடுக்காவிட்டால் வேறொன்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

நம் பேராக்கின் வடக்கே தெமெங்கோர் ஏரியில் படகிலிருந்து தோமானுக்கு இப்படிக் கயிறு இழுப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். தோமான் விராலின் பெரியண்ணன். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். கூரிய பற்கள் உண்டு. பின்னல் கயிற்றை நேரே முள்ளில் கட்டினால் பல் பட்டதும் போயிற்று. ஐம்பது இராத்தல் பின்னலும், முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு நாற்பது இராத்தல் தடித்த தங்சியும் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெட்டியின்மேல் போட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பருமனையும் பாருங்கள். ஜப்பான் கணக்கில் 'பிஇ 2' என்றால் சுமார் 0.235 மில்லிமீட்டர், 'பிஇ 3' என்றால் சுமார் 0.285 மில்லிமீட்டர். பிஇ எண் ஒன்றுக்குப் பத்து இராத்தல் என்பது தோராயக் கணக்கு. மெல்லிய கயிற்றுக்கு மிகப் பெரிய பலத்தை எழுதி, மிகக் குறைந்த விலைக்கு விற்றால் சந்தேகப்படுங்கள்.

ரீல் முழுவதும் பின்னல் கயிற்றையே சுற்றத் தேவையில்லை. அடியில் பழைய தங்சியைக் கொஞ்சம் சுற்றி, அதன்மேல் நூறு அல்லது நூற்றைம்பது மீட்டர் பின்னலைச் சுற்றினால் போதும். பணமும் மிச்சம், வழவழப்பான கயிறு ரீலில் வெறுமனே சுழலவும் சுழலாது. ஓராண்டில் முன்பகுதி நைந்துபோனால் தூக்கி எறியாதீர்கள். கழற்றித் தலைகீழாகச் சுற்றுங்கள். உள்ளே இருந்த புதுக்கயிறு மேலே வந்துவிடும்.

முடிச்சுக்கு வருவோம். கயிற்றை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழையுங்கள். அந்த இரட்டைக் கயிற்றால் தளர்வாக ஒரு முடிச்சுப் போடுங்கள். மடிப்பின் வளையத்துக்குள் முள் முழுவதையும் விட்டு, எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். பாலோமர் முடிச்சு என்பது இதுதான். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டிலேயே கயிறு பலம் இழக்கும்.

அறும் இடத்தை நாமே முடிவு செய்வோம்

இனிச் சொல்வதுதான் முக்கியம். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. பேராக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற குட்டைகளில்தான் இன்று நாம் தூண்டில் போடுகிறோம். அவை ஆறு, குளம் போன்றவை அல்ல. கரை செங்குத்தாக இறங்கும். மணல் கரை காலடியில் சரியும். அடியில் கால் புதையும் சேறு.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மைத்துனனும் அப்படி ஒரு குட்டைக்குப் போனோம். கையில் புதிதாக வாங்கிய பின்னல் கயிறு, அறுபது இராத்தல். முனையில் தங்சி கட்டவில்லை. மூன்றாவது வீச்சிலேயே தவளை நீருக்குள் இருந்த கட்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், அசையவில்லை. கையில் சுற்றி இழுத்தேன். விரல் வெட்டுப்பட்டு இரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"விடுங்க மச்சான், இடுப்பளவு தண்ணிதான். நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று அவன் இறங்கிவிட்டான். முதல் அடியில் முழங்கால். இரண்டாம் அடியில் ஆள் கழுத்துவரை போய்விட்டான். நல்ல வேளையாகக் கரையில் ஒரு மூங்கில் கழி கிடந்தது. குப்புறப் படுத்து அதை நீட்டினேன். பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அன்று இரவு வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் விளங்கியது. தங்சியாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். அவன் இறங்கியிருக்க மாட்டான். அறாத கயிறு மனிதனைத் தண்ணீருக்குள் அழைக்கிறது.

ஆகவே முனையில் கட்டும் தங்சி எப்போதும் பின்னல் கயிற்றைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். பின்னல் நாற்பது என்றால் தங்சி முப்பது. மாட்டிக்கொண்டால் அந்த முனைதான் அறும். போவது ஒரு முள்ளும் ஒரு முழக் கயிறும்தான். அறுக்க வேண்டி வந்தால் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் பின்னால் நடங்கள். தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் குதிக்காமல் கழியை நீட்டுங்கள். கயிற்றையோ காலிப் போத்தலையோ வீசுங்கள்.

நைந்த கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வருவதும் பாவம். பின்னல் கயிறு மக்காது. கொக்கின் காலிலும் மீன்கொத்தியின் சிறகிலும் சுற்றிக்கொண்டால் அவை பட்டினி கிடந்தே சாகும். துண்டு துண்டாக வெட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் தூண்டிலோடு புறப்படும்போது "எத்தனை மீன் கொண்டு வருவே?" என்று கேட்பது வழக்கம். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "யார் கூடப் போறே? முனையிலே தங்சி கட்டியிருக்கியா?"

தவளை போனால் அடுத்த சம்பளத்தில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். விராலும் அந்தக் குட்டையை விட்டு எங்கும் போய்விடாது.